"உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க"

எங்க வீட்டுக்காரருக்கு மன அழுத்த நோய். சோம்பல் இல்லை, குடி இல்லை, செய்வினையும் இல்லை. "எத்தனை நாளைக்குத்தான் முதுகுவலின்னு சொல்லிட்டிருப்ப, எழுது" என்று அவரே சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

அந்தியூர்ப் பக்கம் மூன்று ஏக்கர், கிணற்றுப் பாசனம். மஞ்சள், குச்சிக்கிழங்கு, மிச்சம் மாட்டுக்குச் சோளத்தட்டு. விடியுமுன் சாணி வழித்து, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவேன். அதற்குள் அத்தை பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பியிருப்பார். அப்புறம் களை, கூலி ஆள், த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரத்துக்கு மோட்டார். அவர் எழுந்தாரா, சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்பதும் இதற்கு நடுவில்தான். சில நாள் அவரே தட்டு அறுத்துப் போடுவார். மறுநாள் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். மாத்திரை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

பூச்சிமருந்தை வீட்டில் வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். இப்போது அது பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வீட்டில் பூட்டிக் கிடக்கிறது. தேவைப்படும்போது அவரே கொண்டுவந்து அடித்துக் கொடுக்கிறார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மற்றவர்கள் யோசனைதான் தருகிறார்கள். "காட்டுக்குள்ள இறக்கி விடு அம்மிணி, மண்ணுல கால் பட்டாச் சரியாயிரும்." அந்த மண்ணில்தான் கடன் வாங்கி போர் போட்டோம், புகைதான் வந்தது. மஞ்சள் விலை படுத்துக் கிடந்த வருடங்களில் வட்டி ஏறியதும் அதே மண்ணில்தான்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். என்னால் தாங்க முடியாதது தலைப்பில் இருக்கும் அந்த வரி. பயிர்க்கடன் புதுப்பிக்க, பிஎம் கிசான் உதவித்தொகைக்கு இ-கேஒய்சி என்கிற ஆதார் சரிபார்ப்பு முடிக்க, விவசாயி அடையாள எண் வாங்க, எதற்குப் போனாலும் பட்டாவில் பெயர் உள்ளவர் வர வேண்டும், இல்லை அவர் போனுக்கு வரும் ஓடிபியைச் சொல்ல வேண்டும். மனிதர் போனையே தொடுவதில்லை. வேலை முழுக்க என் கைக்கு வந்துவிட்டது, விவசாயி என்ற பெயர் மட்டும் வரவில்லை.

நிலம் இல்லாவிட்டாலும் பாடுபடுகிறவர் விவசாயிதான் என்று 2007 தேசிய விவசாயிகள் கொள்கையே சொல்கிறது. பெண் விவசாயிகளுக்கென்று எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2013-ல் காலாவதியானது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், நாட்டில் பெண்கள் நடத்துவதாகப் பதிவான தோட்டம் காடுகள் நூற்றுக்குப் பதினான்குதான். மற்ற காடுகளில் களை எடுப்பது யாராம்?

கூட்டுப் பட்டா போட்டுக்கொள் என்கிறார்கள். போடலாம். ஆனால் இந்த நிலையில் இருக்கும் மனிதரைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போய்க் கையெழுத்து வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊர் சொல்லப்போவது வேறு கதை. டாக்டர் சீட்டைக் காட்டினால், அவர் தேறி வரும்வரை மனைவியின் கையெழுத்தை ஏற்றுக்கொள்ள ஒரு விதி போதும். நான் கேட்பது நிலத்தை இல்லை, அதில் வேலை செய்ய வழியை.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் 14416, டெலி மனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண். காசில்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

தை பிறந்தால் மஞ்சள் வெட்டு. கை கொடுக்க வருகிறவர்கள் வாருங்கள், சோறு உண்டு. அவருக்குப் புத்தி சொல்ல மட்டும் யாரும் வர வேண்டாம்.