பேப்பர் எழுதியே காலத்தை ஓட்டுகிறோமாம்

அந்த வீடியோவை எனக்கு டேக் செய்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன். "நம்ம புரொஃபசர்கள் பேப்பர் எழுதியே காலத்தை ஓட்டுகிறார்கள், ஒரு பொருளாவது கடைக்கு வந்திருக்கிறதா?" என்று சிறப்பு விருந்தினர் கேட்டார். பேப்பர் என்றால் ஆய்வுக் கட்டுரை. அரங்கமே கைதட்டியது. பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் சுட்டது. தட்டியதில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள்.

ஐயா, ஆய்வகத்தில் ஒன்று வேலை செய்வதற்கும் அது கடையில் விற்பதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. அந்த நடுத்தூரத்துக்குப் பணம் தர ஆளில்லை, கூட நடந்து வரவும் ஆளில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

தருமபுரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம். பள்ளிப் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கறை தெரியும். நானும் என்னிடம் ஆராய்ச்சி செய்த ஸ்காலர் பெண்ணும் தண்ணீரைச் சோதிக்க ஒரு காகிதப் பட்டை செய்தோம். ஃப்ளூரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பட்டையின் இளஞ்சிவப்பு நிறம் மஞ்சளாகும். லேபில் அழகாக வந்தது. ஊர்த் தண்ணீரில் சல்ஃபேட்டும் காரத்தன்மையும் சேர்ந்து நிறத்தைக் குழப்பின. அதையும் ஓரளவு சரிசெய்தோம்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. சித்திரை வெயிலில் டப்பாவுக்குள் ஆறு மாதம் தாங்குமா? ஆயிரம் பட்டை போட்டால் ஆயிரமும் ஒரே நிறம் காட்டுமா? வெளி லேப் சான்றிதழ் எங்கே? எல்லாம் நியாயமான கேள்விகள். பதில் தேடப் பணம் வேண்டுமே. நிதி கொடுத்த இடத்தில், "இது ஆராய்ச்சி இல்லை மேடம், உற்பத்தி" என்றார்கள். கம்பெனியில், "இது இன்னும் ஆராய்ச்சி, முடித்துவிட்டு வாங்க" என்றார்கள். கல்லூரியில் மட்டும் ஒரே சந்தோஷம். பேட்டன்ட் விண்ணப்பம் பப்ளிஷ் ஆனதும் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். விண்ணப்பம் போட்டாலே 18 மாதத்தில் அது பப்ளிஷ் ஆகும், அதற்கும் பேட்டன்ட் கிடைப்பதற்கும் சம்பந்தமில்லை என்று யார் போய்ச் சொல்வது? வளைகாப்புக்கு ஊரே வரும்; வலி எடுத்த ராத்திரி ஆட்டோ பிடிக்கத்தான் ஆள் கிடைக்காது.

"ஐஐடி மெட்ராஸிலிருந்து மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏதர் வரவில்லையா, ராக்கெட் செய்யும் அக்னிகுல் வரவில்லையா?" என்று கேட்பார்கள். வந்தன, சந்தோஷம். அக்னிகுல் 2017-இல் தொடங்கி, பல தடவை தள்ளிப்போய், அதன் ராக்கெட் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. பின்னால் புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் இன்குபேஷன் செல், தரமணியில் ரிசர்ச் பார்க், முதலீட்டாளர்கள், இஸ்ரோவின் ஏவுதள வளாகம். நான் கேட்பதும் அதைத்தானே! எங்கள் கல்லூரி இன்குபேஷன் சென்டரில் இருப்பது ஒரு ரவுண்ட் டேபிளும், ரிப்பன் வெட்டிய போட்டோவும்.

குழந்தைகளுக்கு வரும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவாக் தடுப்பு மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் பச்சிளம் குழந்தைகளிடம் டாக்டர் எம்.கே. பான் குழுவினர் கண்டெடுத்த வைரஸிலிருந்து வந்தது அது. தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது 2016-இல். முப்பது வருஷம்! நடுவில் மத்திய பயோடெக்னாலஜி துறை, பாரத் பயோடெக், வெளிநாட்டு அறக்கட்டளைகள் எல்லாம் கைகொடுத்தன. மூன்றாம் கட்டச் சோதனை மட்டும் டெல்லி, புனே, வேலூரில் சுமார் 6,800 குழந்தைகளிடம் நடந்தது. 1995-இல் ஒருவர் மைக்கைப் பிடித்து "பொருள் எங்கே?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கும் கைதட்டியிருப்பார்கள்.

"பதவி உயர்வுக்காகப் பேப்பர் போடுகிறவர்களும் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். எந்தத் துறையில் இல்லை? அடுத்து.

"மக்கள் வரிப்பணத்தில் ஆராய்ச்சி, லாபம் தனியாருக்கா?" முதலில் லாபம் வரட்டும் சார், அப்புறம் சண்டை போடலாம். இதே ஆட்கள்தான் பேப்பர் போட்டால் வரிப்பணம் வீண் என்கிறார்கள். நாங்கள் என்னதான் செய்ய வேண்டும்? பாடம் எடுத்து, விடைத்தாள் திருத்தி, கல்லூரிக்குத் தரமதிப்பீடு போடும் நாக் குழுவின் விசிட்டுக்கு ஃபைல் அடுக்கி, மார்ச் 31-க்குள் செலவுக் கணக்கு காட்டி, மிச்ச நேரத்தில் விற்பனைக்கும் கிளம்ப வேண்டுமா?

என் வருத்தம் என்னைப் பற்றிக்கூட இல்லை. எனக்கு மாதாமாதம் சம்பளம் வந்துவிடுகிறது. என் ஸ்காலர் பெண்ணுக்கு ஃபெலோஷிப் மாதக்கணக்கில் வராமல் கிடந்தபோது எந்தச் சிறப்பு விருந்தினரும் கேள்வி கேட்கவில்லை. ஊர் ஊராகப் பாட்டிலோடு போய்த் தண்ணீர் பிடித்து வந்தவள் அவள்தான். இப்போது பெங்களூருவில் ஐடி கம்பெனியில் இருக்கிறாள். போ என்று சொன்னதே நான்தான்.