அட்டவணையைத் திறந்து பார்க்கும் டாக்டரைத்தான் நான் நம்புவேன்

"லேசா சளி இருக்கு, தடுப்பூசியை அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று டாக்டர் சொன்னால் எந்தப் பெற்றோரும் மறுபேச்சு பேசுவதில்லை. ஆனால் சாதாரணச் சளியோ, லேசான காய்ச்சலோ, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பதோ ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. அந்த ஒரு மாதம் பல வீடுகளில் மூன்று மாதமாகிறது. சில குழந்தைகள் திரும்பி வருவதே இல்லை.

தடுப்பூசி வதந்திகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் தடுப்பூசியை மனதார ஆதரிக்கிற டாக்டரே அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பதால் விட்டுப்போகும் ஊசிகளும் இருக்கின்றன. இதைச் சொல்ல ஏனோ தயங்குகிறோம்.

பிறந்ததும், ஆறாவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிப்பது பெரிய விஷயமில்லை. குழந்தை அட்டவணைப்படி வராதபோதுதான் சோதனையே. இரண்டாவது தவணைக்கு ஆறு மாதம் தாமதமாகிவிட்டால் "முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், முதல் ஊசியை உடல் நினைவில் வைத்திருக்கும். சிக்கல் வருவது அவசரப்பட்டால்தான். பெரும்பாலான ஊசிகளில் முதல் தவணைகளுக்கு நடுவே குறைந்தது 4 வாரமாவது வேண்டும். தட்டம்மை, சின்னம்மை மாதிரி வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி கொண்ட இரண்டு ஊசிகளை ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் 4 வாரம் விட வேண்டும். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்துக்குப் பல நாடுகளில் அதிகபட்ச வயது வரம்பும் உண்டு.

குறைமாதக் குழந்தை விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். பிறந்த தேதியிலிருந்துதான் கணக்கு, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து அல்ல. எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான ஊசிக்கு மட்டும் கொஞ்சம் வேறு கணக்கு. நோய் சுலபமாகத் தொற்றும் குழந்தைகள் இவர்கள்தான், இவர்களைத்தான் "கொஞ்சம் தேறட்டும்" என்று காக்க வைக்கிறோம். எனக்கு இதுதான் மனசு ஆறாத விஷயம்.

டாக்டர்கள் மேல் மட்டும் பழி போடவும் மாட்டேன். அட்டவணை மாறிக்கொண்டே இருக்கிறது. 2016 ஏப்ரலில் போலியோ சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸை உலகம் முழுக்க எடுத்தார்கள். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி போட்ட இடத்தில் தழும்பு வரவில்லை என்பதற்காக மறுபடி போட வேண்டாம் என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசிக்கு ஒரே தவணையும் போதும் என்று 2022-இல் ஏற்றுக்கொண்டது. 2010-இல் படித்து முடித்தவருக்கு இதெல்லாம் பாடத்தில் வந்திருக்காது. தெரியாமல் இருப்பது தப்பில்லை, பார்க்காமல் சொல்வதுதான் தப்பு.

நோயாளி முன்னால் புத்தகத்தையோ போனையோ திறந்தால் மதிப்பு குறைந்துவிடும் என்று சில டாக்டர்கள் நினைக்கிறார்கள். "ஒரு நிமிஷம், இந்த வருஷ அட்டவணையைப் பார்த்துட்டு சொல்றேன்" என்பவர் மேல் எனக்கு மரியாதை கூடத்தான் செய்கிறது. அப்புறம், தினமும் ஊசி போடும் செவிலியரைக் கேளுங்கள். பல இடங்களில் இடைவெளிக் கணக்கு அவர்களுக்குத்தான் அத்துப்படி.

பெற்றோரும் கேட்கலாம். ஊசி வேண்டாம் என்று சொன்னால் "எதனால வேண்டாம் டாக்டர்? அடுத்து எந்தத் தேதியில வரட்டும்?" என்று கேட்டு, அந்தத் தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே அவர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.