அது ரீமேக் இல்லைங்க

சீன நடிகை டாங் வெய் நடிச்ச 'ஃபைண்டிங் மிஸ்டர் ரைட்' (2013), 'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்' (1993) என்ற ஹாலிவுட் படத்தோட சீன ரீமேக்னு நண்பர் அடிச்சு சொல்றார். ரெண்டு படத்துலயும் சியாட்டில் வருது, கிளைமாக்ஸ்ல எம்பயர் ஸ்டேட் கட்டடம் வருது, உண்மைதான். கதை வேறங்க.

1993 படத்துல மனைவியை இழந்த டாம் ஹாங்க்ஸுக்காக அவர் பையன் ரேடியோவுக்கு போன் போடுவான். சீனப் படத்துல நாயகி ஒரு பணக்காரரோட காதலி. அவருக்குக் கல்யாணமாகி குடும்பம் இருக்கு. அவரோட குழந்தையைப் பெத்துக்க பெய்ஜிங்ல இருந்து சியாட்டில் வர்றா. அங்க அவளைக் கூட்டிப் போற டிரைவர், சீனாவுல டாக்டரா இருந்தவர். அவ அந்தப் பழைய ஹாலிவுட் படத்தோட ரசிகைன்னு படத்துலயே வெளிப்படையா வருது. ரசிகையா காட்டிட்டா ரீமேக் ஆகிடுமா? அப்படிப் பார்த்தா, 'ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்'லயே நாயகி மெக் ரயன், 1957-ல வந்த ஒரு கேரி கிராண்ட் படத்தைப் பார்த்து அழுவாரே, அதையும் ரீமேக்னு சொல்லணும்.

நிஜமான ரீமேக் வேணும்னா 2011-ல ஆண்டி லாவும் கோங் லீயும் நடிச்ச 'வாட் விமன் வான்ட்' பாருங்க. பெண்கள் மனசுல நினைக்கிறது காதுல கேட்கிற அதே விளம்பரக் கம்பெனி ஆள்தான்; அதே பேர்ல வந்த ஹாலிவுட் படத்துல மெல் கிப்சன் நடிச்ச வேஷம், இங்க பெய்ஜிங்ல ஆண்டி லாவுக்கு.