முகம் போதும், தோள்பட்டையைச் செய்யுங்கள்

மனித உருவ ரோபோ என்றாலே சிலிக்கான் தோல் போர்த்திய முகத்தைத்தான் காட்டுகிறார்கள். அது கண் சிமிட்டுகிறது, பேட்டி கொடுக்கிறது. எனக்கு அதில் துளியும் ஆர்வம் இல்லை. மனிதனைப் பார்த்துச் செய்வதென்றால் தோலுக்கு அடியில் இருப்பதைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

2016இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் செய்த கையைப் பாருங்கள். மனித எலும்புக்கூட்டின் கையை லேசரால் ஸ்கேன் செய்து, ஒவ்வோர் எலும்பையும் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டார்கள். ஜவ்வுகளுக்கும் தசைநாண்களுக்கும் வலுவான நூல். மென்திசுவுக்கு லேசரால் வெட்டிய ரப்பர். கட்டைவிரலில்தான் விஷயம் இருக்கிறது. வழக்கமான ரோபோக் கையில் அது கதவுக் கீல்போல நிலையான அச்சில் திரும்பும். நம் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டில் இருக்கும் சிற்றெலும்பு கோணல்மாணலானது. விரல் அசைய அசைய அச்சும் இடம் மாறும். அந்தக் கோணலை நேராக்காமல் அப்படியே வைத்ததால், நம்முடையதைப் போலவே அந்தக் கட்டைவிரலும் திரும்பியது. இழந்த கைக்கு மாற்றுக் கை செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாடம்!

டோக்கியோ பல்கலைக்கழகம் செய்த கெங்கோரோ என்ற மனித உருவ ரோபோவுக்கு வியர்க்கும். உடலில் நூற்றுக்கும் மேற்பட்ட மோட்டார்கள். சூட்டைத் தணிக்கத் தனிக்கருவி வைக்க இடமில்லை. எனவே நுண்துளைகள் கொண்ட அலுமினிய எலும்புக்குள்ளேயே தண்ணீரை ஓடவிட்டார்கள். அது கசிந்து ஆவியாகும்போது சூடு தணிகிறது. இப்படித் தொடர்ந்து 11 நிமிடம் தண்டால் எடுத்தது.

தொழிற்சாலைக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். உண்மைதான், பெட்டி தூக்கச் சக்கரமே போதும். நான் பேசுவது மருத்துவத்தைப் பற்றி.

தோள்பட்டைத் தசைநாண் கிழிந்து என் அம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும். முந்தானையைத் தோளில் எடுத்துப் போடக்கூட இன்னொருவர் கை வேண்டியிருந்தது. கிழிந்த இடத்தில் வைக்க ஆய்வகத்தில் திசு வளர்க்க முயல்கிறார்கள். ஆனால் வழக்கமாக அந்தத் திசுவுக்கான செல்களை ஒரே திசையில் இழுத்துத்தான் வளர்ப்பார்கள். நம் தோளோ முறுக்குகிறது, அமுக்குகிறது, பல பக்கமும் இழுக்கிறது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் மனிதத் தோள்பட்டை போலவே எலும்பும் தசையும் அமைந்த ரோபோவில் மனிதச் செல்களைப் பொருத்தி, அது கையை அசைக்க அசைக்க வளர்த்துப் பார்த்தார்கள். 2022இல் வெளிவந்த அந்த ஆய்வு தொடக்கச் சோதனைதான். நோயாளிக்கு எதையும் பொருத்தவில்லை. அடுத்த கட்டத்துக்குப் பணமும் ஆளும் வேண்டும். ரோபோ முகங்களுக்குக் கோடிகளைக் கொட்டுபவர்கள், அதில் ஒரு பங்கையாவது இந்தத் தோள்பட்டைக்குக் கொடுக்கட்டும்.