7 வீதம் மாறியது ஸ்கொட் கெலியின் டிஎன்ஏ அன்று

விண்வெளியில் நீண்ட காலம் தங்கிய அமெரிக்க விண்வெளி வீரர் ஸ்கொட் கெலியின் டிஎன்ஏ 7 வீதம் மாறிவிட்டதாகவும், இரட்டைச் சகோதரரான மார்க் கெலியுடன் அவர் இனி ஒத்திருக்கமாட்டார் என்றும் பகிரப்படும் செய்தி தவறானது. திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளும் இதை வாசிப்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் இடையே எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்போது காணப்படும் டிஎன்ஏ வேறுபாடே ஏறத்தாழ 1.2 வீதந்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், 7 வீத மாற்றம் எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கும். மாறியது பரம்பரையலகுகளின் (ஜீன்களின்) வெளிப்பாடு, அதாவது எந்த அலகு எந்த அளவுக்கு இயங்குகிறது என்பது. 2015, 2016ஆம் ஆண்டுகளில் அவர் தங்கியிருந்த 340 நாள்களில் தோன்றிய அத்தகைய மாற்றங்களுள் 90 வீதத்துக்கும் மேற்பட்டவை, பூமிக்குத் திரும்பி ஆறு மாதங்களுக்குள் பழைய நிலையை அடைந்தன. எஞ்சியவற்றைக் குறித்த எண்ணே அந்த 7. இதனை நாசாவே 2018இல் தெளிவுபடுத்தியது.

கதிர்வீச்சினால் சில கலங்களில் டிஎன்ஏவைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) சேதமுற்றது உண்மை. என்னை உண்மையில் வியக்கவைத்தது, 2019இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு கூறும் இன்னொரு செய்தி: நிறமூர்த்தங்களின் முனைகளிலுள்ள டெலோமியர்கள் விண்வெளியில் நீண்டு, தரையிறங்கிய சில நாள்களிலேயே விரைந்து குறுகின.