காலேஜ் கிரவுண்டு என்றால் அவ்வளவு இளக்காரமா?

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்தது இதற்குள் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். பிஎஸ்எல்லில், அதாவது நம் தென்னாப்பிரிக்காவின் மேல் சாக்கர் (கால்பந்து) லீக்கில், ஆடும் ஓர் அணி இங்கே டர்பனில் நம் பக்கத்துக் காலேஜ் மைதானத்தில் ஆடலாம் என்று ஒரு தம்பி பேப்பர் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கத் தொடங்கினார். வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேசியவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்: "காலேஜ் கிரவுண்டுல ப்ரொஃபஷனல் டீமா? பசங்க ஓடி விளையாடுற இடத்துல பிஎஸ்எல் மேட்ச் நடத்தப் போறீங்களா?" சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததைக்கூட விட்டுவிடலாம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நம்மவர்களும் சேர்ந்து சிரித்தார்களே, அதுதான் இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.

நான் கையைத் தூக்கியபோது கிடைத்த பதில்: "அக்கா, நீங்க டீச்சர். இது சாக்கர் விஷயம்." அங்கே பேச விடாததை இங்கே எழுதுகிறேன்.

காலேஜ் மைதானத்தில் ப்ரொஃபஷனல் அணி ஆட முடியும். இது என் ஆசைப் பேச்சு இல்லை. இந்த நாட்டிலேயே நடந்திருக்கிறது, இப்போதும் நடக்கிறது.

ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ். 1921-இல் பல்கலைக்கழகத்துக்குள் மாணவர்களிடையே பிறந்த அணி. 1978-இல் நாட்டின் பெரிய அணிகளில் ஒன்றான கைசர் சீஃப்ஸைத் தோற்கடித்து மெயின்ஸ்டே கோப்பையை எடுத்தார்கள். கேவின் ஹண்ட் பயிற்சியாளராக இருந்த 2016-17 பருவத்தில் லீக் சாம்பியன் ஆனார்கள். சாம்பியன்! அவர்கள் சொந்த மைதானத்தில் எத்தனை பேர் உட்காரலாம் தெரியுமா? ஏறக்குறைய 5,000 பேர். வளாகத்து மைதானம். சனிக்கிழமை சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்த ஆட்டங்களை டிவியில் பார்த்துக் கைதட்டினார்கள் என்று எனக்குத் தெரியும்.

பிரிட்டோரியாவில் டக்ஸ், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் அணி. 2012-இல் மேல் லீக்குக்கு ஏறி 2016 வரை நின்றார்கள். பல்கலைக்கழக மைதானம்தான் அவர்கள் வீடு. 2010 உலகக் கோப்பைக்கு வந்த அர்ஜென்டினா அணி எங்கே தங்கிப் பயிற்சி எடுத்தது? அதே பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மையத்தில்தான். மரடோனாவுக்கும் மெஸ்ஸிக்கும் காலேஜ் புல் போதுமாக இருந்தது. நம் ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் போதவில்லை.

அதையெல்லாம் பழைய கதை என்பவர்கள் ஸ்டெல்லன்போஷைப் பாருங்கள். டேனி கிரேவன் மைதானம் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்துடையது. பேரே ரக்பிக்காரர் பேர். ஆஃப்ரிகானர் ரக்பியின் கோயில் மாதிரி இருந்த இடம். இன்று அங்கே சாக்கர் அணி ஆடுகிறது. 2019-இல் மேல் லீக்குக்கு வந்தார்கள். 2023 டிசம்பரில் கார்லிங் நாக்அவுட் கோப்பையை நம் டர்பன் மோசஸ் மபிடா மைதானத்திலேயே வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். 2025-இல் ஆப்பிரிக்கக் கான்ஃபெடரேஷன் கோப்பையில் அரையிறுதி வரை போனார்கள். காலேஜ் மைதானத்தில் வளர்ந்த அணி கண்டத்தின் கடைசி நான்கில் நின்றது. இதற்கு என்ன பதில்? சனிக்கிழமை யாராவது இதைப் பற்றி வாயைத் திறந்தார்களா?

உடனே ஒருவர் சொல்வார் என்று தெரியும்: "அந்த அரையிறுதிக்கே அவங்க சொந்த கிரவுண்டை விட்டுட்டு டர்பனுக்கு வரவேண்டியிருந்துச்சே?" ஆமாம், வந்தார்கள். தான்சானியாவின் சிம்பா அணியுடன் இரண்டாவது ஆட்டத்தை மோசஸ் மபிடாவில்தான் ஆடினார்கள். ஆப்பிரிக்கக் கூட்டமைப்பின் ஆட்டங்களுக்கு விதிகள் வேறு. ஆனால் லீக் ஆட்டங்களைச் சொந்த இடத்தில் ஆடிவிட்டு, பெரிய நாளுக்குப் பெரிய இடத்துக்குப் போனார்கள். இதைத்தானே நாங்களும் கேட்கிறோம்? பெரிய கூட்டத்தை இழுக்கும் சீஃப்ஸும் பைரேட்ஸும் வரும் நாளில் மோசஸ் மபிடாவுக்குப் போகலாம். நம் டர்பன் அணி கோல்டன் ஆரோஸ்கூட அப்படிப் போனதுண்டு. மற்ற நாட்களில் நம் பக்கத்தில் ஆடட்டும்.

மோசஸ் மபிடாவை நான் குறை சொல்லவில்லை. 2010-இல் ஸ்பெயினும் ஜெர்மனியும் அரையிறுதி ஆடிய இடம். எனக்கும் பெருமைதான். ஆனால் 50,000-க்கு மேல் இருக்கைகள். புதன்கிழமை ராத்திரி ஏழரை மணி லீக் ஆட்டத்தை டிவியில் பாருங்கள். பந்து போகிற பக்கமெல்லாம் பின்னால் காலி நாற்காலி. ஆடுகிற பையன்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது நமக்குக் கேட்கிறது. அதே ஆட்டத்தை 5,000 பேர் கொள்ளும் இடத்தில் வைத்தால் மைதானம் அதிரும். டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன் பெரிய மைதானத்துக்குப் போய்விட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் எந்த டாக்ஸியைப் பிடித்து வீடு வந்து சேருவான்? அப்பா அம்மா விடுவார்களா? விடமாட்டார்கள். அதனால் அவன் ஆட்டத்தை நேரில் பார்க்காமலே வளர்கிறான். அவன் போட்டிருப்பது லிவர்பூல் சட்டை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

நான் அப்படி வளரவில்லை. "டீச்சருக்கு சாக்கர் தெரியாது" என்றவருக்காக இதைச் சொல்கிறேன். என் அப்பா டர்பன் கார்ப்பரேஷனின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்தவர், கார்ப்பரேஷன் வேலைக்காரர். நிறவெறி ஆட்சிக் காலத்தில் அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் அண்ணனோடு என்னையும் ரயிலேற்றி பெரியா ரோடு ஸ்டேஷனில் இறக்கி, அங்கிருந்து கரீஸ் ஃபவுண்டன் மைதானத்துக்கு நடத்திக்கொண்டு போவார். "பெண் பிள்ளைய ஏன் மாமா அங்கெல்லாம் கூட்டிட்டுப் போறீங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். அப்பா பதிலே சொல்லமாட்டார், என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அம்மா ரொட்டியில் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிக் கொடுத்திருப்பார். மேட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டே பார்ப்போம். அது இனம் பார்க்காத ஃபெடரேஷன் லீக் காலம். பெரியா, ஏசஸ் யுனைடெட், வெருலம் சபர்ப்ஸ் என்று அணிகள். அப்பாவுக்கு எப்போதும் மேனிங் ரேஞ்சர்ஸ்.

கரீஸ் ஃபவுண்டன் என்ன பெரிய அரங்கமா? எம்.எல். சுல்தான் கல்லூரிக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த சாதாரண மைதானம். பாதிப் பேர் நின்றுகொண்டுதான் பார்த்தார்கள். ஆனால் அங்கே ஆடியது ப்ரொஃபஷனல் லீக். ஆடியவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நம் அப்பா தாத்தாக்கள் டிக்கெட் வாங்கினார்கள். அன்றைக்கு யாரும் "இந்த இடம் போதாது" என்று சிரிக்கவில்லை.

சிரிக்கவில்லை என்பதற்காக நம்மை நிம்மதியாக ஆட விட்டார்கள் என்றும் இல்லை. அதற்கு முந்திய கதை இந்தத் தலைமுறைக்குத் தெரியவே தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1961-இல் நம் டர்பன் வக்கீல் ஜார்ஜ் சிங்கும் அவரோடு சேர்ந்தவர்களும் இனம் பார்க்காத ஒரு ப்ரொஃபஷனல் லீக்கை ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம். வெள்ளைக்கார சாக்கர் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. லீக்கைத் தடை செய்யவில்லை, மைதானத்தைக் கொடுக்கவில்லை. நகராட்சிகளை வைத்து ஒவ்வொரு வாசலாகப் பூட்டினார்கள். 1963-இல் ஜோகன்னஸ்பர்க்கின் நட்டால்ஸ்ப்ரூயிட் மைதானத்தைப் பூட்டியபோது ஜனங்கள் சுவரேறிக் குதித்து, கோல்போஸ்ட்டைத் தாங்களே தூக்கி வந்து நட்டு ஆட்டத்தை நடத்தினார்கள். இருந்தும் சில வருஷத்தில் அந்த லீக் செத்தது. ஆட்கள் இல்லாமல் சாகவில்லை, பார்க்க வருபவர்கள் இல்லாமல் சாகவில்லை. ஆட இடம் இல்லாமல் செத்தது.

அதனால்தான் "உங்க இடத்துல இதெல்லாம் நடக்காது" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்குப் பூட்டுப் போட்டவன் வேற்றாள். சனிக்கிழமை சிரித்தவர்கள் நம் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்காருகிறவர்கள்.

சரி, நியாயமான கேள்விகளுக்கு வருகிறேன்.

பாதுகாப்பு. இது உண்மையான கேள்வி, மதிக்கிறேன். 1991-இல் ஆர்க்னியில் 42 பேர், 2001 ஏப்ரல் 11-இல் எல்லிஸ் பார்க்கில் 43 பேர் நெரிசலில் செத்தார்கள். இரண்டும் சீஃப்ஸ் - பைரேட்ஸ் ஆட்டம். அதற்குப் பிறகுதான் 2010-இல் விளையாட்டு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2,000 பேருக்கு மேல் கொள்ளும் இடம் என்றாலே அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆட்டத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று போலீஸ் தரம் பிரிக்கவேண்டும், ஆம்புலன்ஸ் நிற்கவேண்டும், வாசல்களைக் கணக்குப் பார்க்கவேண்டும். காலேஜ் கிரவுண்டு என்று யாருக்கும் சலுகை கிடையாது, கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். எல்லிஸ் பார்க் சின்ன மைதானமா? நாட்டின் மிகப் பெரிய மைதானங்களில் ஒன்று. உள்ளே இடம் இல்லாத பிறகும் ஆட்களை விட்டதால்தான் உயிர் போனது. எத்தனை டிக்கெட் விற்பது, எத்தனை வாசல் திறப்பது, வாசலில் நிற்பவர் யார், இதில் இருக்கிறது பாதுகாப்பு. அதை 5,000 பேருக்குச் செய்வது சுலபமா, 50,000 பேருக்குச் செய்வது சுலபமா?

சத்தம், பரீட்சை நேரம் என்கிறார்கள். பரீட்சை எப்போது என்று வருஷ ஆரம்பத்திலேயே தெரியும். அந்த வாரங்களில் வெளியூர் ஆட்டம் கேட்டு வாங்குங்கள். இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

விட்ஸ் அணியையே 2020-இல் விற்றுவிட்டார்களே என்று ஒருவர் எனக்கு மெசேஜ் அனுப்பினார், பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்தது மாதிரி. விற்றது லீக்கில் ஆடும் உரிமத்தை. வாங்கியவர் லிம்போப்போ மாகாணத்துக்குக் கொண்டு போனார். மைதானம் சின்னது என்பதால் அணி தோற்கவில்லையே, அதே மைதானத்தில் ஆடித்தானே சாம்பியன் ஆனது? நம் மேனிங் ரேஞ்சர்ஸ் கதி என்ன? 1928-இல் பிறந்த கிளப், 1996-97-இல் பிஎஸ்எல்லின் முதல் சாம்பியன். சாட்ஸ்வர்த் மைதானம் அப்போது எப்படி நிரம்பியது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதுவும் கைமாறி நம்மை விட்டுப் போனது. அதற்கும் காலேஜ் கிரவுண்டா காரணம்? காசு உள்ளவன் வாங்குகிறான், விற்கிறான். வேர் இல்லாத அணியைத் தூக்கிப் போவது சுலபம். ஒரு கல்லூரிக்குள் அது வேரூன்றி, மாணவர்கள் அங்கேயே பிசியோதெரபி, கணக்கு வழக்கு, மைதானப் பராமரிப்பு எல்லாம் கற்றுக்கொண்டால், தூக்கிப் போகிறவனுக்குக் கொஞ்சமாவது கை நடுங்கும்.

மாணவர்களுக்கு ஆட இடம் இல்லாமல் போகுமே என்ற கேள்வியை மட்டும் என்னால் சுலபமாகத் தள்ள முடியாது. வாரம் ஒரு ப்ரொஃபஷனல் ஆட்டம், அதற்கு மேல் பயிற்சி என்றால் புல் தாங்காது. பயிற்சிக்கு வேறு மைதானம் வேண்டும், அதை ஒப்பந்தத்தில் எழுதித்தான் ஆகவேண்டும். அந்தத் தம்பி, பாவம், தன் பேப்பரில் இதையும் எழுதித்தான் கொண்டுவந்திருந்தார். இரண்டாவது பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தை முடிக்க விட்டால்தானே!

அவர் முகத்தைப் பார்த்தீர்களா? வேலை முடிந்து வந்து ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எழுதிய பையன். தமிழில் ஆரம்பித்து, தடுமாறி, இங்கிலீஷுக்கு மாறி, மறுபடி தமிழுக்கு வந்தார். அதற்கும் ஒரு சிரிப்பு. நான் எத்தனையோ வருஷம் சனிக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவள். ஒரு பையன் பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்று தமிழில் ஒரு யோசனை சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். "நம் பிள்ளைகள் எதற்கும் முன்வருவதில்லை" என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மைக்கில் புலம்புகிறவர்கள்தான் முன்வந்தவனைப் பார்த்துச் சிரித்தவர்கள். இனிமேல் அந்த வசனத்தை என் காது கேட்கப் பேசவேண்டாம்.

என் மேல் கோபப்படுகிறவர்கள் "டீச்சர் உணர்ச்சிவசப்படுறாங்க" என்பார்கள். படுகிறேன். அதனால் நான் சொன்னது பொய்யாகிவிடாது. ஃப்ளட்லைட் வெளிச்சம் டிவிக்குப் போதுமா என்று யாராவது அளந்தீர்களா? ட்ரெஸ்ஸிங் ரூம் எத்தனை, நடுவருக்குத் தனி அறை உண்டா, ஆம்புலன்ஸ் நேரே புல் வரைக்கும் வர வழி இருக்கிறதா, பெண்களுக்குக் கழிவறை எத்தனை? கடைசிக் கேள்வியைச் சனிக்கிழமை மேடையில் இருந்த ஒருவரும் யோசித்திருக்க மாட்டார்கள். அம்மாவும் அக்காவும் வராத மைதானத்துக்குப் பிள்ளைகளும் வரமாட்டார்கள். இதையெல்லாம் அளந்து, எண்ணி, போதவில்லை என்று வந்தால் ஏற்றுக்கொள்கிறேன். எவ்வளவு செலவு செய்தால் போதும் என்று அடுத்ததாகக் கேட்பேன். அளக்காமல் சிரிப்பதை மட்டும் ஏற்கமாட்டேன்.

அடுத்த கூட்டத்துக்கு முன் கல்லூரி விளையாட்டுப் பிரிவிலிருந்தும் போலீஸிலிருந்தும் ஒருவரை மைதானத்துக்கு வரவழைத்து நேரில் காட்டவேண்டும், அந்தத் தம்பியின் பேப்பரை முழுதாக வாசிக்க நேரம் ஒதுக்கவேண்டும் என்று செயலாளருக்கு இன்று காலை மெயில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். ஸ்டெல்லன்போஷுக்கும் விட்ஸுக்கும் பதில் சொல்லாமல் "காலேஜ் கிரவுண்டு" என்று மட்டும் கமென்ட் போடுபவர்களுக்குப் பதில் எழுத எனக்கு நேரமில்லை.