பைபர் மட்கார்டும் பலகாரத் தாம்பாளமும்

(கானாடுகாத்தான். சித்திரை மாதத்துக் காலை, மணி ஆறு. பெரிய வீட்டின் வண்டிக் கொட்டகையில், இருவர் மட்டுமே அமரக்கூடிய சான் ஸ்டார்ம் கார் ஒன்று இடது முன் சக்கரம் கழற்றப்பட்டு ஸ்டாண்டின்மீது நிற்கிறது. அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிகின்றன.)

அப்பத்தா: அடுப்படியில் தராசைக் காணவில்லை, அலமாரியில் சிரிஞ்சைக் காணவில்லை, பலகாரத் தாம்பாளத்தையும் காணவில்லை. திருடனாக இருந்தால் வெள்ளியை விட்டுவிட்டு எவர்சில்வரை எடுத்திருக்க மாட்டானே என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கால்களைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

பேரன்: கோபிக்காதீர்கள், அப்பத்தா. முகப்புத் தூண் வண்டியின் மட்கார்டில் மோதிவிட்டது. அதைத்தான் சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

அப்பத்தா: அந்தத் தூண் உன் ஐயாவின் ஐயா காலத்திலிருந்து ஒரே இடத்தில்தான் நிற்கிறது. நேற்று இரவு மட்டும் காலாற நடக்கப் புறப்பட்டதோ? போகட்டும், டிங்கர் பட்டறையில் விட்டால் ஒரு நாளில் தட்டி நிமிர்த்திக் கொடுத்துவிடுவார்களே!

பேரன்: காட்டினேன். அவர் நான் வாயைத் திறப்பதற்குள் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். விரிசலாக இருந்தது ஒரு சாண் அகல ஓட்டையாகிவிட்டது. இது தகரம் அன்று, அப்பத்தா. 1998ஆம் ஆண்டு கோவாவில் அறிமுகமான இந்த வண்டியின் உடம்பு முழுவதும் கண்ணாடி இழையும் ரெசின் என்னும் பிசினும் சேர்ந்த பைபர். காந்தம்கூட ஒட்டாது.

அப்பத்தா: கண்ணாடியில் வண்டி செய்கிற ஊரும் உண்டா?

பேரன்: அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டிலேயே செவர்லே கார்வெட் என்னும் வண்டியை இப்படித்தான் செய்தார்கள். முதல் ஆண்டில் மொத்தமே 300 வண்டிகள்.

அப்பத்தா: 1953இல் நான் பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தேன். இந்த வீட்டுச் சுவர் அப்போதே கிழடு. இன்றுவரை அதில் ஒரு கீறல் கிடையாது. சரி, அந்தப் பக்கத்தில் ஏன் தேய்த்துத் தேய்த்துச் சரிவாக்கி வைத்திருக்கிறாய்? ஓட்டை இன்னும் பெரிதாகத் தெரிகிறதே!

பேரன்: ஓட்டையின் விளிம்பு செங்குத்தாக இருந்தால் புதிய பைபர் பழையதைப் பிடித்துக்கொள்ளாது. அதனால் பெயின்ட்டையெல்லாம் சுரண்டி, தகட்டின் கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். இந்த இடத்தில் கனம் 3 மில்லிமீட்டர் என்பதால், சுற்றிலும் 36 மில்லிமீட்டர்.

அப்பத்தா: இதற்குக் கணக்கு வேறா? பழைய பூச்சைக் கொத்தி, தூசியைக் கழுவி, விளிம்பைச் சரித்துவிட்டுத்தான் புதுப் பூச்சை ஏற்ற வேண்டும் என்று கொத்தனார் சொல்ல, நான் சிறுமியாக இருந்தபோதே கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் உன்னைப்போல் விடாமல் சொறிந்துகொண்டதில்லை.

பேரன்: தேய்த்தபோது எழுந்த தூசி, அப்பத்தா. பூனைக்காலிச் சுணையில் புரண்டதுபோல் இருக்கிறது. முகமூடி போட்டேன், கண்ணாடி போட்டேன், முழுக்கைச் சட்டையை மட்டும் மறந்துவிட்டேன்.

அப்பத்தா: குளிர்ந்த தண்ணீரில் குளி. வெந்நீரில் குளித்தால் இன்னும் அரிக்கும். என் சிரிஞ்சு எதற்கு?

பேரன்: ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை அளக்க. 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 மில்லி வரை கலக்கலாம். ஆனால் இந்த வெயிலில் 1 மில்லிக்குமேல் போனால், தூரிகையை எடுப்பதற்குள் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். அதனால்தான் விடியற்காலையிலேயே தொடங்கினேன். முந்தாநாள் கண்ணளவாக ஊற்றிப் பார்த்தேன். கிண்ணம் கொதித்துப் புகைந்து, அடி உருகி, தரையில் ஒட்டிக்கொண்டது.

அப்பத்தா: குளியலறைக் குவளை காணாமல் போன வரலாறு இதுதானா? எலிமேல் பழியைப் போட்டாயே, பாவி!

பேரன்: மெல்லியதாகப் பரப்பினால் அவ்வளவு சூடேறாது, மொத்தமாகக் கிண்ணத்தில் கிடந்தால்தான் தன் சூட்டில் தானே வேகும். இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் என்னும் இந்த ஊதா மருந்தும் ஹார்டனரும் ஒன்றையொன்று நேராகத் தொடவே கூடாது, தொட்டால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும்.

அப்பத்தா: உன் ஆத்தாவும் உன் அயித்தையும்போல என்று சொல். நடுவில் நான் போய் உட்கார்ந்த பிறகுதான் இருவரையும் ஒரே வளவில் உட்கார வைக்க முடிகிறது.

பேரன்: ஏறத்தாழ அப்படித்தான்.

அப்பத்தா: சுற்றி வளைக்காதே. என் தாம்பாளம் எங்கே?

பேரன்: (சற்றுத் தயங்கி) மட்கார்டின் வெளிப்பக்கத்தில், ஓட்டையை மூடி டேப்பால் ஒட்டியிருக்கிறேன். அந்தத் தாம்பாளத்தின் வளைவும் மட்கார்டின் வளைவும் அண்ணன் தம்பிபோல் ஒத்துப்போயின. அதை அச்சாக வைத்து, உள்பக்கத்திலிருந்து முதலில் ஜெல் கோட் என்னும் வழுவழுப்பான பூச்சைத் தடவி, அது கொஞ்சம் இறுகியதும் பின்னால் நார்மேட் என்னும் கண்ணாடி இழைப் பாயை வைத்து, ரெசினை ஊற்றி...

அப்பத்தா: நிறுத்து. இது தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்கிற வேலை அல்லவா? கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்டை முதலில் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டு, கடைசியில் கண்ணாடியை எடுத்தால், கண்ணாடியின் வழுவழுப்பு கல்லுக்கு வந்திருக்கும். தலைகீழாகச் செய்கிற வேலை. இதைக் கற்றுக்கொள்ள நீ சென்னைவரை போய்ப் படித்தாயாக்கும்!

பேரன்: (சிறிது நேரம் பேச்சற்று) அதேதான், அப்பத்தா. அதேதான்.

அப்பத்தா: ஆனால் உன் பசை அச்சோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளாதா? தாம்பாளத்துக்கு மெழுகு தடவினாயா?

பேரன்: மூன்று முறை தடவித் துடைத்தேன். தேய்த்து வைத்த விளிம்பில் மட்டும் மெழுகு படாமல் பார்த்துக்கொண்டேன். அங்கே பட்டால் பைபர் பிடிக்காது. இந்த டார்ச்சைப் பிடியுங்கள். நார்மேட் வெள்ளையாக இருக்கிறது அல்லவா? தூரிகையால் இழுக்காமல் குத்திக் குத்தி ரெசினை ஏற்றினால், வெள்ளை மறைந்து கண்ணாடிபோல் தெளியும். எங்கே வெள்ளை மிஞ்சுகிறதோ, அங்கே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள்.

அப்பத்தா: வலது மூலையில் வெள்ளை இருக்கிறது. அதற்கு மேலே இன்னொன்று. அடே, ரோலரை மெதுவாக உருட்டு. அப்பளம் இடுகிறாயா, சாலை போடுகிறாயா?

(நான்கு அடுக்குகள் ஏறுகின்றன. ரெசின் நாற்றத்துக்கு அஞ்சித் தெரு நாய் எதிர்வீட்டுத் திண்ணைக்குக் குடிபெயர்கிறது. அப்பத்தா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, டார்ச்சை மட்டும் அசையாமல் பிடித்திருக்கிறார். வேலை முடிந்து, பலகாரமும் முடிந்து, வெயில் முற்றத்தில் இறங்கிய பிறகு இருவரும் மீண்டும் கொட்டகைக்கு வருகிறார்கள்.)

பேரன்: தட்டிப் பாருங்கள், கல்போல் இறுகிவிட்டது. இப்போது தாம்பாளத்தை எடுக்கிறேன்... வருகிறது... வந்துவிட்டது! ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக வந்துவிட்டது. பாருங்கள், என்ன வழுவழுப்பு!

அப்பத்தா: வழுவழுப்பு இருக்கட்டும். நடுவில் ஏதோ புடைத்துக்கொண்டிருக்கிறதே, அது என்ன?

பேரன்: (குனிந்து பார்த்து) எழுத்துபோல் இருக்கிறது.

அப்பத்தா: எழுத்துதான். என் சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் என் அப்பச்சி தம் பெயரை வெட்டச் செய்திருக்கிறார். தாம்பாளத்தில் பள்ளமாக வெட்டியது உன் வண்டியில் மேடாக ஏறியிருக்கிறது.

பேரன்: கவலைப்படாதீர்கள். 80 நம்பர் உப்புத்தாளால் இரண்டு நிமிடம் தேய்த்து, மேலே பட்டி வைத்துவிட்டால் தடமே தெரியாது.

அப்பத்தா: உப்புத்தாளைக் கீழே வை. என் அப்பச்சி பெயரை என் கண்ணெதிரிலேயே தேய்ப்பாயா? பெயின்ட்டை அதன்மேலேயே அடி.

பேரன்: அப்பத்தா, எழுத்தெல்லாம் இடம் வலம் மாறி, திரும்பிக்கொண்டு நிற்கிறது. ஒருவராலும் படிக்க முடியாது.

அப்பத்தா: ஆம்புலன்ஸ் முகப்பிலும்தான் திருப்பி எழுதியிருக்கிறான். உனக்கு முன்னால் போகிறவன் தன் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும். யார் வீட்டு வண்டி வருகிறது என்று தெரிந்துகொண்டு ஒதுங்கட்டும். தாம்பாளத்தைத் துலக்கி அடுப்படியில் வை. குவளையின் விலையை உன் பற்றில் எழுதிவிட்டேன்.